காத்திருக்கவும் அக்காவின் கட்டண உயர்வு

அந்த நகரத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், போகும். குடிநீர் வாரியத்தின் குரலுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. குழாயைத் திறந்தால் வெறும் காற்று வரும் நாளிலும் வாரியத்தின் தொலைபேசியில் தேனாய்க் குரல் வரும்.

"நகரக் குடிநீர் வாரியம் உங்களை வரவேற்கிறது. தண்ணீர் வரவில்லை என்றால் எண் ஒன்றை அழுத்தவும். கலங்கலாக வந்தால் எண் இரண்டை அழுத்தவும். வராத தண்ணீருக்குக் கட்டணம் வந்திருந்தால் எண் மூன்றை அழுத்தவும்."

எதை அழுத்தினாலும் அடுத்து வருவது ஒன்றுதான். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்." அதன் பிறகு ஒரு புல்லாங்குழல் மெட்டு. அது முடிந்தால் மறுபடியும் குரல், மறுபடியும் மெட்டு. கேட்பவருக்குத் தாகமே மறந்துபோகும்.

குரலுக்குச் சொந்தக்காரி வாரியத்து ஊழியர் இல்லை. வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் தனி ஆள். பதிவுக்கூடம் என்பது அவள் வீட்டுத் துணி அலமாரி. துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால், கணவனின் சட்டைகள் இரண்டு காதையும் உரச, மடியில் டார்ச் விளக்கோடு அதற்குள் உட்கார்ந்துகொண்டு, "உங்களை வரவேற்கிறது" என்று புன்னகைத்தபடி சொல்வாள். புன்னகைத்தால்தான் குரலில் புன்னகை வரும். அந்துருண்டை வாசனைக்கு நடுவே புன்னகைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

தெருவில் அவளுக்குக் 'காத்திருக்கவும் அக்கா' என்று பெயர். பெயர் வைத்த பிள்ளைகளே இப்போது வளர்ந்து தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் குரலுக்கு ஊர் எப்படிப் பழகிப்போயிருந்தது என்றால், ஒருமுறை மளிகைக் கடையில் பணப்பையைத் துழாவிக்கொண்டே "கொஞ்சம் காத்திருங்க, தயவுசெய்து" என்றாள். கடைக்காரர் பொட்டலத்தைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். பின்னால் வரிசையும் நின்றது. இவள் காசைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் புல்லாங்குழல் மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருடமாக அவள் கூலியில் ஒரு காசு ஏறவில்லை. தொடங்கியபோது ஒரு வாக்கியத்தின் கூலியில் மூன்று பேர் வயிறாரச் சாப்பிடலாம். இப்போது ஒருவர் டீ குடிக்கலாம், சர்க்கரை கேட்காமல் இருந்தால். இதற்கிடையில் வாரியம் தண்ணீர்க் கட்டணத்தை மூன்று முறை ஏற்றிவிட்டது. ஏற்றிய செய்தியை மூன்று முறையும் ஊருக்குச் சொன்னவள் இவள்தான், அலமாரிக்குள் இருந்து, பழைய கூலிக்கு.

அப்படியே போயிருக்கும். தொண்டைதான் சண்டித்தனம் செய்தது. இருமல் நிற்கவில்லை என்று மருத்துவரிடம் போனாள். "தொண்டை பூரா தூசி. எங்கம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "அலமாரியில டாக்டர்" என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் ஒரு வருடம் அந்த அலமாரிக்குள் உட்கார்ந்தால் குரல் போய்விடும், பிறகு ஊரில் வேறு யாராவதுதான் வரவேற்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

கடைத்தெருவில் ஒரு போட்டோக் கடை. அதன் பின்னால், படம் கழுவும் காலம் போனபிறகு பூட்டியே கிடக்கும் இருட்டறை. சன்னல் இல்லை, சத்தம் இல்லை, அந்துருண்டை இல்லை. கடைக்காரர் மாதக் கடைசிவரை அவளுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த வாடகை வேண்டுமென்றால் கூலி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அலமாரி, அலமாரி என்றால் குரல் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

முதலில் லிஃப்ட் கம்பெனிக்குப் பேசினாள். 'கதவு மூடுகிறது', 'நான்காம் தளம்' எல்லாம் இவள் உபயம்தான். முதலாளி தயங்கவே இல்லை. "இத்தனை வருஷமா ஏத்தலையா நீங்க? எங்க லிஃப்ட்லயே ஏறி இறங்கிட்டு ரேட்டை மட்டும் தரைத்தளத்துல விட்டுட்டீங்களே! அடுத்த மாசத்துலேர்ந்து புது ரேட் போட்டுக்கங்க" என்றார். ஒரு கப் டீ ஆறுவதற்குள் முடிந்தது பேச்சு.

ஆனால் லிஃப்டுக்கு வருடத்துக்கு நாலு வாக்கியம் வந்தால் அதிகம். வண்டி ஓடுவது வாரியத்தால்தான். அதனால்தான் அவள் கணவன் தடுக்கப் பார்த்தான். அவன் பல் மருத்துவமனைகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். சாதுவான மனிதன். பொய்ப்பல்லைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டே நாள் முழுக்க வாரியத்துப் புல்லாங்குழல் மெட்டை முணுமுணுப்பான். முணுமுணுப்பது அவனுக்கே தெரியாது.

"இருக்கறதையும் கெடுத்துக்காதே. பெரிய இடம். கோபம் வந்தா வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

"பாக்கட்டுமே அண்ணா" என்றாள் தையல் இயந்திரத்திலிருந்து அவன் தங்கை. அந்த வீட்டில் முதுகெலும்பு பங்கு பிரித்தபோது அண்ணனின் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டவள் அவள். "அண்ணி, கடிதம் எழுதுங்க. என்ன எழுதறதுன்னு யோசிக்கவே வேண்டாம். கட்டணம் ஏத்தும்போது அவங்க என்ன சொன்னாங்களோ அதையே எழுதுங்க. அவங்களுக்குப் புரிஞ்ச பாஷை."

அப்படியே எழுதினாள். 'மூலப்பொருள், பராமரிப்பு மற்றும் எரிசக்திச் செலவுகள் கணிசமாக உயர்ந்துள்ளதால், சேவையின் தரத்தைத் தொடர்ந்து காக்கும் பொருட்டு, கட்டணம் தவிர்க்க இயலாத வகையில் திருத்தியமைக்கப்படுகிறது. உங்கள் புரிதலுக்கு நன்றி.' எரிசக்தி என்பது டார்ச் பேட்டரி. மற்றபடி ஓர் எழுத்து மாற்றவில்லை.

பதில் இல்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளே வந்தாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றாள் அவளிடம் அவள். எவ்வளவு கனிவு! ஒன்பது வருடம் இளமையான, இருமல் இல்லாத குரல். நம்பிவிட்டாள். காதில் போனை வைத்தபடி சமைத்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து முடித்தாள். இடையிடையே அவள் குரல் அவளைத் தேற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் போன்தான் உயிரை விட்டது. இப்படித்தான் ஊரையே காக்க வைத்திருக்கிறோமா என்று அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

நேரிலேயே போனாள். ஒப்பந்தப் பிரிவு அதிகாரி இவள் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது? படிச்சதும் நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு. 'தவிர்க்க இயலாத வகையில்'னு எழுதியிருக்கீங்க. இது மிரட்டல் இல்லையா?"

"இது உங்க வாசகம் சார். நான்தானே பேசினேன், மூணு தடவை."

"அது பொதுமக்களுக்கும்மா. பொதுமக்கள்கிட்ட எதை வேணா சொல்லலாம். எங்ககிட்டயே சொன்னா மனசு கஷ்டப்படாதா? உங்களை நாங்க குடும்பமா நினைக்கறோம்."

"குடும்பத்துல மத்தவங்களுக்கும் ஒன்பது வருஷமா சம்பளம் ஏறலையா சார்?"

"எங்களுக்கா? வருஷா வருஷம் ஏறும். ஆனா நாங்க கேட்டதே இல்லை, அது தானா ஏறும். கேட்டு வாங்கறது அழகில்லை, பாருங்க." அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "அது போகட்டும். கட்டணத் திருத்தப் படிவத்துல குறைக்கறதுக்குத்தான் கட்டம் இருக்கு, ஏத்தறதுக்குக் கட்டமே இல்லை. நான் எங்கன்னு எழுதறது?"

"ஏன் சார் இல்லை?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கலை."

"கேக்கலையா, இல்ல கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்லையா?"

அதிகாரி படிவத்தை மூடி வைத்தார். விஷயம் தன் கையை மீறிவிட்டது என்று சொல்லி ஒரு குழு போட்டார். 'குரல் கட்டண ஆய்வுக் குழு' என்று அதற்குப் பெயர். பெயர்ப்பலகை அடிக்க ஆன செலவில் அவளுக்கு இரண்டு வருடத்துக்குக் கூலி ஏற்றியிருக்கலாம்.

குழு முதல் மாடியில், நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. எல்லார் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் புட்டி. வாரியத்துத் தண்ணீர் இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்கியது. வாரியத்துத் தண்ணீரை அந்தக் கட்டடத்தில் பூச்செடிகளுக்கு மட்டும்தான் ஊற்றுவார்கள், அதுவும் நல்ல ஜாதிச் செடி என்றால் யோசிப்பார்கள்.

துணை இயக்குநர் பேச எழுந்தார். "இந்த அம்மா பேசறது மொத்தமே பத்துப் பன்னிரண்டு வாக்கியம். ஒரு தடவை பேசிட்டு வீட்டுல சும்மா இருக்காங்க. அதை லட்சம் தடவை திரும்பத் திரும்ப ஓட்டறது யாரு? நாம. ராத்திரி பகல் பாக்காம ஓட்டறோம். அப்போ உழைப்பு யாரோடது?" குழு மேசையைத் தட்டியது. துணை இயக்குநர் தன் உழைப்பை நினைத்துத் தானே கண்கலங்கி, புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

பிறகு ஆலோசகரை அழைத்தார்கள். வெளியிலிருந்து வரவழைத்தவர். அவருக்குக் கொடுத்த தொகைக்கு, அவள் பிறந்ததிலிருந்து விட்ட மூச்சுக்கெல்லாம் கூலி கொடுத்திருக்கலாம். கடைசியில் மூச்சைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

"பதிவுகளை முழுசா அளந்து பார்த்தோம். அதுல மூணுல ஒரு பங்கு மௌனம். நீங்க மௌனத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருக்கீங்க." குழு ஐயோ என்றது. ஆலோசகர் அவள் பக்கம் திரும்பினார். "வாக்கியத்துக்கு நடுவுல அந்த இடைவெளியில நீங்க என்னம்மா பண்றீங்க?"

"மூச்சு விடறேன் சார்."

"அது உங்க சொந்த உபயோகம்தானே?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூச்சு அடைத்தது. அதையும் சொந்தச் செலவில்தான் அடைத்துக்கொண்டாள்.

முடிவு ஒருமனதாக வந்தது. மௌனத்தைக் கழித்துவிட்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது. ஒப்பந்தப் பிரிவு அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. படிவத்தில் குறைப்பதற்குக் கட்டம் இருக்கிறதே! "பாத்தீங்களாம்மா, கச்சிதமா பொருந்துது. இதுல ஒரு கையெழுத்து. அப்படியே இந்த வாசகத்தையும் பேசி அனுப்பிடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். தண்ணீர்க் கட்டணம் நான்காவது முறையாக, தவிர்க்க இயலாத வகையில், ஏறுகிறது என்று இருந்தது.

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். "புது ரேட்டுக்குச் சம்மதம்னு எழுதிக் கொடுங்க. அப்ப பேசறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் கணவன். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பல் செய்பவன் ஒரு கவளத்தை மெல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

வாரியத்திலோ துணை இயக்குநர் மார்தட்டினார். "குரல்தானே? எனக்கில்லையா?" ஒரே நாளில் பழைய பதிவுகளை எல்லாம் அழிக்கச் சொல்லி, வரவேற்பிலிருந்து காத்திருப்புவரை தானே பேசினார். ஆலோசகர் சொன்னபடி இடைவெளியே விடாமல் பேசினார். நடுவில் ஒரு செருமல் விழுந்தது. அதை நீக்க யாருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் ஊர் தொலைபேசியை எடுத்தது. "முக்கியம் க்ஹும் காத்திருக்கவும்" என்றது ஒரு ஆண் குரல். ஒன்பது வருடமாகக் காத்திருந்த ஊர், போனைக் கீழே வைத்துவிட்டு வாளியைத் தூக்கியது. அந்தக் குரலுக்காக யாரும் ஒரு நிமிடம் காத்திருக்கத் தயாராக இல்லை. வாரியத்து வாசலில் முதலில் பத்து வாளி, பிறகு தெருமுனைவரை வாளி. கட்டடத்துக்குள்ளும் இதே கதைதான். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் பேசினால் முன்பெல்லாம் அவள் குரல் வரும், ஊழியர்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்கள். இப்போது எரிச்சலில் எழுந்து நேரிலேயே நடந்து போனார்கள். போய்ப் பார்த்தால் சில அறைகளில் ஆளே கிடையாது. இருந்ததற்கான அறிகுறியும் கிடையாது.

மாதக் கடைசி நெருங்கியபோது, இவள் வாசலில் வாரியத்துக் கார் வந்து நின்றது. இயக்குநர் கூப்பிடுகிறார்.

"பணிஞ்சு போயிடு" என்றான் கணவன் கையைப் பிசைந்தபடி.

"பாத்துப் பேசுங்க அண்ணி" என்றாள் தங்கை. "பாவம், வயசானவங்க. ரொம்ப அடிச்சிடாதீங்க."

வாசலில் வாளிக்கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. இடுப்பில் காலிக் குடத்தோடு நின்ற ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க குரல்ல ஒரு பாசம் இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னுதானே இத்தனை வருஷம் காத்திருந்தோம்." குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவமானமாக இருந்தது. இத்தனை பேரைக் கட்டிப் போட்ட கயிறு தன் தொண்டையில் திரித்தது என்று தெரிந்தபோது, அதையும் மலிவாக விற்றிருக்கிறோமே என்று கோபமும் வந்தது.

முதல் மாடியில் அதே மேசை, அதே புட்டிகள். நடுவில் இயக்குநர். துணை இயக்குநருக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. இயக்குநர் ஒரு கண்ணாடிக் கேடயத்தை அவள் பக்கம் தள்ளினார். அதற்குள் தங்கக் குழாய் ஒன்று சொட்டாமல் நிற்கும் சிற்பம். "வாரியத்தோட மிக உயர்ந்த கௌரவம். இதுவரைக்கும் எனக்கு மட்டும்தான் கொடுத்திருக்கோம். ரேட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல பழையபடி எல்லாத்தையும் பேசிக் கொடுத்துடுங்க. அந்தக் கட்டண உயர்வையும்."

"ரேட் மாறிடுச்சு சார்" என்றாள் அவள். "உண்மையான வாக்கியத்துக்கு நான் கடிதத்துல எழுதின ரேட். பொய் வாக்கியத்துக்கு அதைப்போல ரெண்டு மடங்கு."

ஒப்பந்தப் பிரிவு அதிகாரி பேனாவை எடுத்தார். பிறகு இயக்குநர் காரியத்தில் இறங்கினார். "சரி, பொய் எத்தனைன்னு முதல்ல பாத்துடுவோம். செலவு தெரியணும். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்'."

"ரெண்டு மடங்கு சார்" என்றார் ஒப்பந்தப் பிரிவு அதிகாரி, குறித்துக்கொண்டே.

"'விரைவில் சரிசெய்யப்படும்'."

"ரெண்டு மடங்கு."

"'உங்களை வரவேற்கிறது'."

எல்லாரும் சன்னல் வழியாக வாளிகளைப் பார்த்தார்கள். "ரெண்டு மடங்கு."

இயக்குநருக்கு வியர்த்தது. "'நகரக் குடிநீர் வாரியம்'. இது வெறும் பேருய்யா! இதுல என்ன பொய்?"

அதிகாரி தயங்கினார். "நடுவுல 'குடிநீர்'னு வருதே சார்."

இயக்குநர் புட்டியை ஒரே மூச்சில் காலி செய்தார். "போதும். நீங்க கேட்டதுல பாதி தர்றோம். அதுவும் இன்னிக்கே பேசினா. மீதியைக் குழு யோசிக்கும். என்ன சொல்றீங்க?"

அவள் எழுந்தாள். இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, அலமாரிக்குள் புன்னகைப்பதுபோலப் புன்னகைத்து, அந்தக் குரலில் சொன்னாள்.

"உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்."

குழு சாய்ந்து உட்கார்ந்தது. இயக்குநரின் தோள் தளர்ந்தது. துணை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். ஒப்பந்தப் பிரிவு அதிகாரியின் விரல் மேசையில் மெல்லத் தாளம் போட்டது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, கேடயத்தை அங்கேயே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

வாசலில் கூட்டம் அவளைப் பார்த்தது. குடம் வைத்திருந்த பெண் கேட்டாள், "இன்னும் காத்திருக்கணுமாக்கா?"

"வேண்டாம். காத்திருந்தது போதும்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "உள்ள போங்க. முதல் மாடி, இடது பக்கம். எல்லாரும் அங்கதான் இருக்காங்க, எங்கயும் போகமாட்டாங்க."

அந்தக் குரல் சொல்லி ஊர் கேட்காமல் இருந்ததில்லை. வாளிகள் படியேறின.

அவள் நேரே போட்டோக் கடைக்குப் போய் இருட்டறையின் சாவியை வாங்கினாள். வாரியத்திடமிருந்து சம்மதம் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. லிஃப்ட் கம்பெனியின் புது ரேட்டும் கையிருப்பும் சேர்ந்தால் ஒரு மாத வாடகை தேறும். அடுத்த மாதத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது வருடமாக வாரியம் அவள் விஷயத்தில் அப்படித்தானே பார்த்தது.

மறுநாள் கணவனும் தங்கையும் பழைய போர்வைகளைத் தூக்கி வந்து சுவரில் மாட்டினார்கள். கணவன் ஏணியில் ஏறி ஆணி அடித்தான். அவள் இருமாமல் முதல் வாக்கியத்தைப் பேச ஆரம்பித்தபோது போன் அடித்தது. தங்கைதான் எடுத்தாள்.

"அண்ணி, வாரியத்து இயக்குநர். நேத்து ராத்திரிதான் வாளிக்காரங்க வெளிய விட்டாங்களாம். பாதியிலேர்ந்து முக்காலுக்கு வந்திருக்கார். லைன்ல இருக்கார். என்ன சொல்லட்டும்?"

"காத்திருக்கச் சொல்லு."

தங்கை வாயைத் திறப்பதற்குள், ஏணியிலிருந்து கணவன் இறங்கி வந்தான். சுத்தியலைக் கீழே வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தங்கையிடமிருந்து போனை வாங்கி வாயருகே வைத்தான். பிறகு, கண்ணை மூடி, ஒரு சுரம் பிசகாமல், அந்தப் புல்லாங்குழல் மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான்.